புது ஊர், புதுத் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிகள் திறக்கும் காலத்தையொட்டிச் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்துள்ளன. அவற்றில் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவற்றுக்குப் பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான்: 1983-ஆம் ஆண்டு, திருமணமான கையோடு மன்னார்குடியிலிருந்து திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்து சேர்ந்தவள் நான். அந்த ஆண்டு நகரம் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்தது. சுற்றியுள்ள தெருக்களின் பெயர்கள் தெரிவதற்கு முன்பே, அடி பம்பில் எந்த வீட்டுக் குடத்துக்குப் பின்னால் என் குடத்தை வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே தண்ணீர்க் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கணவரின் வேலை மாற்றம் காரணமாகப் பட்டுக்கோட்டையிலிருந்து மேடவாக்கத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடிக்கு ஏப்ரல் மாதம் குடிவந்தோம். வாடகை 16,000 ரூபாய். முன்பணமாக ஒரு லட்சம் கொடுத்திருக்கிறோம். வந்த ஒரே மாதத்தில் போர் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கூறி, லாரித் தண்ணீருக்கென்று தனியே பணம் கேட்கிறார்கள். துவரம்பருப்பு வேக மறுக்கிறது. தலைமுடி நார் நாராக இருக்கிறது. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்கிறான் மகன். வேறு வீடு பார்க்கலாம் என்றால், எங்கே போனாலும் இதே கதைதான் என்கிறார் கணவர். என்ன செய்வது? – வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒரு தண்ணீர்; சென்னையில் வீட்டுக்கு மூன்று தண்ணீர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்தும், 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்தும், மீஞ்சூர், நெம்மேலி ஆகிய இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்தும் வருவது மெட்ரோ வாட்டர். வீட்டுக்கடியில் துளையிட்டு எடுப்பது போர் தண்ணீர். கடைக்காரப் பையன் தோளில் சுமந்து வந்து இறக்கும் இருபது லிட்டர் கேன் மூன்றாவது. நகரத்தின் பழைய பகுதிகளில் முதலாவது பெரும்பாலும் உண்டு. தென் புறநகரில் பல தெருக்களுக்குக் குழாய் இன்னும் எட்டவில்லை. ஒரு வீட்டில் எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால், இந்த மூன்றில் எது எது உண்டு என்று கேட்க வேண்டும். இதை வீட்டுத் தரகர் தானாகச் சொல்ல மாட்டார்.

பருப்பு வேகாததற்கு நீங்களோ குக்கரோ காரணம் இல்லை. போர் தண்ணீரில் மிகுந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் பருப்பை இறுகச் செய்துவிடும். எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும். பருப்பு ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் மட்டும் கேன் தண்ணீரைப் பயன்படுத்திப் பாருங்கள். அரிசிக்கும் காய்க்கும் போர் தண்ணீர் போதும். இதனால் கேன் செலவு பெரிதாகக் கூடிவிடாது. தலைக்குக் குளிக்கும் நாளில் கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமலும் முழுதாகப் போகாமலும் தோலில் படிந்து நிற்கும். மகனின் அரிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் அதற்கு முன்னால், தரைக்கடியில் உள்ள சம்பும் மொட்டை மாடித் தொட்டியும் கடைசியாக எப்போது கழுவப்பட்டன என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். லாரித் தண்ணீர் இறங்கத் தொடங்கியபின் சம்பின் அடியில் சேறு படிவது வழக்கம். சுத்தம் செய்த பின்னும் அரிப்பு நிற்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

லாரிப் பணத்தைப் பொறுத்தவரை, கொடுக்க மாட்டேன் என்று சொல்வதில் பயனில்லை. கணக்குக் கேட்பதில் பயனுண்டு. தனியார் லாரிகளில் பெரும்பாலானவை 12,000 லிட்டர் கொள்ளக்கூடியவை. மாதத்துக்கு எத்தனை லாரி இறங்குகிறது, ஒன்றுக்கு என்ன விலை, எத்தனை வீடுகளுக்குப் பங்கு, பங்கு வீட்டுக் கணக்கிலா ஆள் கணக்கிலா என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி தன்மையாகக் கேளுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் ஒரே பங்கு கொடுக்கும் கட்டடங்களில்தான் மாடிப்படிச் சண்டைகள் மிகுதி.

இனி, வேறு வீடு பார்ப்பது பற்றி. பார்க்கத்தான் வேண்டும் என்றால், இரண்டு ஆண்டுகளைப் பற்றி விசாரியுங்கள். ஒன்று 2019. அந்தக் கோடையில் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வந்தது. அப்போது இந்தத் தெரு எப்படிச் சமாளித்தது என்று கேளுங்கள். மற்றொன்று 2015 அல்லது 2023. இரண்டு ஆண்டுகளிலும் டிசம்பர் தொடக்கத்தில் பெருவெள்ளம் வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி கட்டாயம் தேவை. கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே தெருவில் மார்கழிக்கு முன்னால் படகு ஓடும் விந்தை இந்த நகரத்துக்கே உரியது. இவற்றுக்கு உண்மையான பதில் வீட்டுக்காரரிடமும் கிடைக்காது, தரகரிடமும் கிடைக்காது. தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுபவரிடம் நான்கு புடவைகளைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். வெள்ளம் எந்த வீட்டு எத்தனையாவது படி வரை ஏறியது என்று அவர் கையாலேயே காட்டுவார்.

வீட்டுக்குள் போனதும் வரவேற்பறையைப் பார்த்து மயங்க வேண்டாம். நேராகக் குளியலறைக்குச் சென்று குழாயின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருந்தால் தண்ணீர் உப்பு. குழாயைத் திறந்து, கையோடு கொண்டுபோன துண்டுச் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நான் இதைச் செய்யும்போது என் கணவர் வெட்கப்பட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஆனாலும் மூன்று வீடுகளை இந்தச் சோப்புத்தான் எங்களுக்குத் தவிர்த்துக் கொடுத்தது. மின்சாரத்துக்குத் தனி இணைப்பு எண் உண்டா, அல்லது வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து துணை மீட்டர் வைத்து அவர் சொல்லும் விலையில் யூனிட் கணக்கா என்பதும் முக்கியம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்னும் சலுகை துணை மீட்டர்க்காரர்களின் கைக்கு வருவது அரிது.

முன்பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இந்நகரத்தின் பழைய வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நடப்பில் ஐந்தும் ஆறும் மாதங்கள் கேட்கிறார்கள். நீங்கள் கொடுத்திருப்பதும் ஆறு மாத வாடகைக்கு மேல். எனவே ஒப்பந்தத்தில் அந்தத் தொகை எழுத்தில் இருக்கிறதா, காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, ஆணி அடித்த துளைகளுக்கென்று இரண்டு மாத வாடகையை எடுத்துக்கொண்டார் அந்த வீட்டுக்காரர். துளைகளில் பாதி எங்களுக்கு முன்னிருந்தவர்கள் அடித்தவை. நிரூபிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. குடிபோகும் அன்றே சுவர்களைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டு வீடு மாற வேண்டாம். பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை இந்த வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த ஏப்ரலில் வீடு தேடும்போது, எந்தத் தெரு காயும், எந்தத் தெரு மூழ்கும் என்பதைத் தரகரைவிட நீங்கள் நன்றாக அறிந்திருப்பீர்கள்.

கேள்வி: நான் கோவில்பட்டிக்காரன். சிறுசேரியில் வேலை, நாவலூரில் ஒரு விடுதியில் நான்கு பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்ததும் கிளாம்பாக்கம் சென்று ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறேன். திங்கள் காலை அங்கிருந்து நேரே அலுவலகம். சனி, ஞாயிறு அறையில் இருந்தால் நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நான் செய்வது தவறா? – வாசகர், நாவலூர்

பதில்: ஊருக்குப் போவது ஒருபோதும் தவறாகாது, தம்பி. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை எட்டு மணி வரை 62 மணி நேரம். நாவலூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்து, பேருந்துக்குக் காத்திருந்து, ஏறத்தாழ 550 கிலோமீட்டர் கடந்து வீட்டுப் படியை மிதிக்க எப்படியும் பன்னிரண்டு மணி நேரம், திரும்புவதற்கும் அவ்வளவே. எஞ்சுவது 38 மணி நேரம். இரண்டு இரவுப் பயணக் களைப்புக்கு உறங்கியது போக, விழித்த கண்ணோடு நீங்கள் ஊரில் இருப்பது இருபது மணி நேரத்துக்கும் குறைவு. பேருந்துக் கட்டணம் ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் எட்டாயிரம் ரூபாயைக் கொடுத்து நீங்கள் பெரும்பாலும் வாங்குவது பேருந்துத் தூக்கத்தைத்தான்.

இதில் பணத்தைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. ஏழு மாதங்களாக நீங்கள் சென்னையில் வாழ்ந்தவை வேலை நாட்கள் மட்டுமே. திங்கள் முதல் வெள்ளி வரை எந்த ஊரும் அலுவலகமாகத்தான் இருக்கும். துணி துவைத்து, முடி வெட்டிக்கொண்டு, நடந்துபோய் வாழைப்பழம் வாங்கி, ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கும் நாட்களில்தான் ஓர் இடம் நமக்குப் பழகுகிறது. அந்த நாட்களை நீங்கள் நாவலூருக்கு ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. அறையில் இருந்தால் நெஞ்சை அடைக்கிறது என்கிறீர்கள். அறையில் இருக்கச் சொல்லவில்லை. நான்கு கட்டில்களும் நான்கு சார்ஜர்களும் உள்ள அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருக்குத்தான் நெஞ்சை அடைக்காது?

நான் சொல்லும் வழி இது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போங்கள். ஆனால் ரயிலில் போங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கும். இரண்டு மாதத்துப் பயணங்களை ஒரே உட்காரலில் பதிவு செய்துவிடலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் கோவில்பட்டி. போகும் நாள் தேதியாகக் கையில் இருந்தால், போகாத வாரங்கள் அத்தனை கனமாக இரா. வீட்டில் அம்மாவிடமும் அந்தத் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகன் வருவானா என்று உலை வைக்காமல் காத்திருப்பது அவருக்கும் களைப்புத்தான்.

எஞ்சும் இரண்டு வாரங்களில் சென்னையைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். அது விருந்தாளியின் வேலை. விடுதியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஒரே ஒரு மெஸ்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். சனியும் ஞாயிறும் ஒரே நேரத்துக்குப் போய், ஒரே மூலையில் உட்காருங்கள். ஐந்தாவது வாரம், நீங்கள் கேட்காமலேயே குழம்பில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். ஒரு ஞாயிறு போகாவிட்டால், ஏன் தம்பி வரவில்லை என்று ஒருவர் கேட்பார். இந்த நகரத்தில் உங்களைத் தேடும் முதல் ஆள் அவராக இருப்பார். மாலையில் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரை அருகில்தான்; திருப்போரூர் முருகன் கோயிலும் அதே சாலையில்தான். அடுத்த முறை ஊரிலிருந்து வரும்போது கடலைமிட்டாய் இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்கி வந்து அறையில் பிரித்து வையுங்கள். 2020-இல் புவிசார் குறியீடே பெற்ற பண்டம் அது. கேலி செய்யும் வாய்களை அடைப்பதற்கும் உதவும். அந்த நான்காவது கட்டில்காரர் எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியுமா?

இவ்வளவு செய்தும் நெஞ்சடைப்பும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் அதை வெறும் ஊர்நினைப்பு என்று தள்ளிவிட வேண்டாம். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசகருடன் பேசலாம்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுநர்கள் மீட்டர் போட மறுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சண்டை போட்டே களைத்துவிட்டேன். – வாசகர், வளசரவாக்கம்

பதில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு கட்டணம் நிர்ணயித்தது 2013-இல். அதன்பின் பெட்ரோல் எங்கே போயிற்று என்பது உங்களுக்கும் தெரியும். மீட்டர் ஓடாததன் காரணத்தில் பாதி அங்கே இருக்கிறது. ஏறுவதற்கு முன்பு செயலியில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அந்தத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் அடுத்த வண்டி. இறங்கும் இடத்தில் பேரம் பேசத் தொடங்கினால் இருவருக்கும் அன்றைய நாள் கெட்டது. பேருந்துத் தடம் ஒன்றைப் பழகிக்கொள்வது இதைவிடவும் நல்லது.

கேள்வி: தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சென்னைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு படிக்கிறேன். "சார் வந்தாவ" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என்னை "வந்தாவ" என்றே கூப்பிடுகிறார்கள். இப்போது வகுப்பில் வாயைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது. பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா? – வாசகி, கல்லூரி விடுதி

பதில்: வேண்டாம், மகளே. ஆசிரியர் ஒருவரே என்றாலும் அவரைப் பன்மையில் சொல்லி மரியாதை செய்கிறது உங்கள் ஊர்ப் பேச்சு. "வந்தாரு" என்பதற்கு அது எந்த வகையிலும் குறைந்ததன்று. சிரித்தவர்கள் பேசும் சென்னைப் பேச்சு மட்டும் வானத்திலிருந்து இறங்கியதா என்ன? அவர்கள் சொல்லும் நாஷ்டாவும் பேஜாரும் உருதுவிலிருந்து வந்தவை, டப்பு தெலுங்கு. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் வந்த பல ஊர்க்காரர்கள் கூடிக் கலந்து செய்த பேச்சு அது. அதன் அழகும் அந்தக் கலப்பிலேதான் இருக்கிறது. நீங்கள் விளக்குமாற்றை வாரியல் என்றும், தொட்டுக்கொள்ளும் கறியை வெஞ்சனம் என்றும், கைலியைச் சாரம் என்றும் சொல்லும்போது அதில் மேலும் மூன்று சொற்கள் சேர்கின்றன, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பட்டப்பெயரைச் சொல்லி உங்களோடு சேர்ந்து சிரிப்பவர்கள் உண்டு. உங்களைப் பேசவிடாமல் செய்யச் சிரிப்பவர்களும் உண்டு. முதல் வகையினரிடம், எங்கள் ஊரில் உங்களையும் "வந்தாவ" என்றுதான் சொல்வோம், அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இரண்டாம் வகையினர் விடாமல் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். அது கோள் சொல்வதாகாது. என் திருவல்லிக்கேணி அண்டை வீட்டுக்காரர்கள் என் தஞ்சாவூர்ப் பேச்சைக் கேட்டு ஓராண்டு சிரித்தார்கள். இரண்டாம் ஆண்டு அவர்கள் வீட்டுப் பிள்ளை என்னைப்போலவே இழுத்துப் பேசத் தொடங்கியது.

கேள்வி: முகவரி மாற்ற வேண்டிய ஆவணங்கள் எவை, எதை முதலில் செய்வது? – வாசகர், கொளத்தூர்

பதில்: வாடகை ஒப்பந்தம் முதலில், அது இல்லாமல் மற்றவை தடைப்படும். அடுத்து ஆதார். அதன்பின் குடும்ப அட்டை முகவரியைப் பொது விநியோகத் துறையின் இணையதளத்திலேயே மாற்றக் கேட்கலாம். எரிவாயு இணைப்பைப் பழைய முகவரிடம் மாற்றுச் சீட்டு வாங்கி இங்கே மாற்றிக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. இதைத்தான் பெரும்பாலோர் தேர்தல் அறிவிக்கும் வரை தள்ளிப்போட்டுவிட்டு, பின்பு வாக்களிக்க ஊருக்குப் பேருந்து பிடிக்கிறார்கள். தெருவிளக்கு, குப்பை, தேங்கிய நீர் போன்ற மாநகராட்சிப் புகார்களுக்கு 1913 என்னும் எண்ணையும் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே ஒரு கிராமம் என் ஊர். வயது 68. கணவர் காலமானபின் போரூரில் மகன் வீட்டுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஒன்பதாம் மாடி. மகனும் மருமகளும் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். காலை எட்டரைக்கு எல்லோரும் கிளம்பினால் மாலை ஐந்துக்குப் பேரன் வரும் வரை நான் மட்டும்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. கீழே போகலாம் என்றால் இந்த வீட்டுக் கதவு சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்கிறது. ஊருக்கே போய்விடட்டுமா என்று கேட்டால் மகன் வருந்துகிறான். – வாசகி, போரூர்

பதில்: என்னைவிட மூத்தவர் நீங்கள், அக்கா என்றே அழைக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபின்தான் அந்தக் கதவு என் கண்ணில் பட்டது. வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்பதால் ஐந்து மாதங்களாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள். உங்களிடம் சாவி இல்லை. மகன் வேண்டுமென்றே கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார். கேட்காததால் அவருக்குத் தோன்றியிருக்காது. இன்று மாலையே ஒரு சாவி கேட்டு வாங்கி, இடுப்பில் செருகும் சுருக்குப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வாழ்நாளில் வாசற்கதவைப் பகலில் சாத்தி அறியாதவர் நீங்கள். பகலெல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும்போது மூச்சு முட்டுவது இயல்பே.

அடுத்தது லிஃப்ட். முதல் நாள் பேரனை உடன் அழைத்துக்கொண்டு மூன்று முறை ஏறி இறங்குங்கள். நடுவில் நின்றுவிட்டால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை அவன் சொல்லித் தரட்டும். பாட்டிக்குக் கற்றுக்கொடுப்பது பேரனுக்குப் பெருமையாகவும் இருக்கும். பிறகு மாலை நான்கரைக்கு நீங்களே கீழே போய், பள்ளி வண்டி வந்து நிற்கும் இடத்தில் உட்காருங்கள். எல்லா அடுக்ககங்களிலும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நான்கைந்து பாட்டிமார் இருப்பார்கள். எதிர்வீட்டுக் கதவு திறக்காமல் போவதற்குக் காரணம் கர்வம் என்று எண்ண வேண்டாம். அந்த வீட்டிலும் காலை எட்டரைக்கு எல்லோரும் கிளம்பியிருப்பார்கள், அல்லது உள்ளே உங்களைப்போலவே ஒருவர் சாவியில்லாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நீங்களே அழைப்புமணியை அழுத்தி, பிரண்டைத் துவையல் ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள். கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. அந்த வழக்கம் இங்கேயும் உண்டு.

வாசலில் கோலம் போட இடமில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அதுவும் மனத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். கதவுக்கு முன்னால் ஓர் அடிச் சதுரம் போதும். அரிசிமாவை நீரில் கரைத்து இழைத்துவிட்டால் பெருக்குபவர்களுக்கும் தொல்லையில்லை. அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும் உங்களுக்கு, மற்றவர்கள் எழும் ஆறரை வரையிலான நேரத்தில் ஒரு வேலையாகவும் இருக்கும்.

வாரத்தில் ஒருநாள் நீங்களாகவே ஓரிடத்துக்குப் போய் வாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. பணம் கேட்டு யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. போரூரிலிருந்து மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலும் குன்றத்தூர் முருகன் கோயிலும் அருகில்தான். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். மலைக்கோயிலுக்குப் படியேற முடியாத நாளில் அடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் போதும். முதல் இரண்டு முறை யாரேனும் உடன் வரட்டும். வீட்டு முகவரியையும் மகனின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சாவியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போவதா என்ற கேள்விக்கு நேரான பதில்: போங்கள், ஆனால் நிரந்தரமாக என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். துணையை இழந்த ஓராண்டுக்குள் வீட்டை விற்பது, குத்தகைக்கு விடுவது, சாமான்களைக் கொடுத்துவிடுவது எதையும் செய்யாதீர்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். தையில் அறுவடைக்கு ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு, பேரனுக்குத் தேர்வு நெருங்கும்போது திரும்பி வாருங்கள். கோடை விடுமுறையில் அவனையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் போகலாம். இங்கே இருக்கும் மாதங்களில் சமையலில் ஒரு வேளையை உங்களுடையது என்று மருமகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வெடுங்கள் என்று அவர் சொல்வது அன்பால்தான். ஆனால் ஓய்வெடுக்கத் தெரியாதவருக்கு ஓய்வு ஒரு தண்டனை என்பது முப்பது வயதில் யாருக்கும் புரியாது.

இந்தப் பக்கத்தை உங்கள் மருமகளும் படிப்பார் என்று எண்ணி ஒரு வரி: அம்மா, மாலையில் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கைப்பேசியை வைத்துவிட்டு, "இன்றைக்குக் கீழே யாரைப் பார்த்தீர்கள் அத்தை?" என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் ஒருவரையும் பார்க்கவில்லை என்றுதான் பதில் வரும். அதற்காகக் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.